ஊரைக் கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன்

எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் ஊரைக் கேட்க வேண்டும். எங்கும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் நேற்று பிறந்த பிள்ளைக்கும் தெரியும். கடலூர்க் கரையோரம் உள்ள ஒரு மீனவக் கிராமம், பெயர் வேண்டாம். வலை அறுந்த தகராறோ, பங்கு பிரித்த சண்டையோ, புருஷன் பெண்டாட்டி விவகாரமோ, எதுவானாலும் கோயில் வாசலில் தலைவரும் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடிக்கவும் செய்வார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வலைத் தகராறு கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கு, ஊரில் ஒரே ராத்திரி. அந்த வழக்கத்தை நான் மீறினேன், என் குடும்பத்தை ஊர் தள்ளிவைத்தது. அப்படித் தள்ளிவைத்தால் என்னென்ன நடக்கும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காரணம் என் அக்கா. அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம். மாமா கடலில் கெட்டிக்காரர், கரைக்கு வந்தால் குடி, குடித்தால் அடி. ஊர் பலமுறை கூடிப் பேசியது. ஒவ்வொரு முறையும் மாமா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார், ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று அக்காவை அனுப்பிவைப்பார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அக்காவின் விவகாரத்தை அக்கா இல்லாமலே பேசுவார்கள், எங்கே அடி, எப்படி அடி என்று நான்தான் எழுந்து சொல்ல வேண்டும். அந்த வருஷம் மாசி மகம் முடிந்த கையோடு, கை ஒடிந்து வந்து நின்றாள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ‘விழுந்துட்டேன்னு சொல்லிடவா தம்பி?’ என்றாள். ‘நடந்தத சொல்லுக்கா’ என்றேன். அவள் சொன்னது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறியது. அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அந்தப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்கள், கேட்டு வாங்கிவிடுங்கள். பிற்பாடு எல்லாரும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள், அந்தத் தாள் மாறாது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், 181 என்ற எண்ணுக்கு அடித்தாலும் வழி சொல்வார்கள். இது எதுவும் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

அன்று ராத்திரியே ஊர்க்கூட்டம். தலைவர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். ‘ஊருன்னு ஒண்ணு இருக்கா இல்லையாடா? எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?’ என்றார். ‘கேட்டுக் கேட்டுத்தான பெரியப்பா கை ஒடிஞ்சுது’ என்றேன். ஸ்டேஷனுக்குப் போனதைக்கூட மன்னித்திருப்பார்களோ என்னவோ, கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதை மன்னிக்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்க வேண்டும், ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கூட்டத்தில் விழுந்து கும்பிட வேண்டும் என்று முடிவானது. புகார் அக்காவுடையது, திரும்ப வாங்க நான் யார் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் கோயில் மைக்கில் அறிவித்தார்கள். எங்கள் தலைக்கட்டோடு, அதாவது எங்கள் குடும்பத்தோடு, யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய். அதே மைக்கில் அடுத்த அறிவிப்பு, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருக்கிறது என்று.

ஊர்விலக்கு ஒருநாளும் தாளில் வராது. எல்லாம் வாய்வார்த்தை. நாளைக்கு அதிகாரி கேட்டால் ‘அப்படியா, யார் சொன்னது’ என்பார்கள். என் மனைவி வாசலில் நின்று அந்த மைக் அறிவிப்பைச் செல்போனில் பதிவு செய்திருந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை, நான் திண்ணையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சின்னப் பதிவுதான். அதோடு ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதினால் கோபம்தான் வரும், தேதி வராது. இன்னொன்று, தாள்கள். மானியம், நிவாரணம் என்று விண்ணப்பம் போடும்போதெல்லாம் எங்கள் ஊரில் ஒருவர் எல்லார் தாளையும் வாங்கி மொத்தமாகக் கொண்டுபோவார். பாதி அவர் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். என் படகுப் பதிவுச் சான்றின் அசல் அப்படி ஒரு பீரோவில் மாட்டிக்கொண்டது. கேட்டுப் போகவும் முடியாது, வாயைத் திறந்தால் அவருக்கு அபராதம். படகுப் பதிவு, எஞ்சின் பில், மீனவர் நல வாரிய அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். ஊரோடு நல்லபடியாக இருக்கும் காலத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

முதல் நாள் நான் பயந்ததெல்லாம் அடிதடிக்கு. யாரும் கை வைக்கவில்லை. பால் வாங்கப் போனேன். கடை அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை, பிழைக்க வந்தவர். ‘பால் இல்ல தம்பி’ என்றார். பால் பாக்கெட்டுகள் நீலக் கூடையில் அவர் காலடியிலேயே இருந்தன. நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். அதற்கப்புறம் மீன் ஏலம். என் கூடையைக் கொண்டுபோய் வைத்தேன், நல்ல சங்கரா. ஏலம் கூறுபவர் பக்கத்துக் கூடை வரை வந்து, என்னுடையதைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். மீன் விற்கும் பெண்கள் எல்லாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், ஒருத்தி நிமிரவில்லை. வெயில் ஏற ஏற ஐஸ் உருகி என் கால் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன், எனக்கு முன்னால் போன் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் ரோட்டோரத்தில் வெளியூர் வண்டிக்காரர் ஒருவரிடம் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டு வந்தேன். இரண்டு ஆட்கள் என்னிடம் முன்பணமாக 40,000 வாங்கியிருந்தார்கள். அவர்களும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். பணத்தைக் கேட்கவும் வழி இல்லை, பேசினால்தானே கேட்க முடியும்.

என் கோபம் ஏன் முழுக் கோபமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 11 வயது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள், அதில் என் அப்பாவும் ஒருவர். சவுக்குத் தோப்பிலிருந்து அப்பாவைத் தூக்கி வந்தவர் பெரியப்பா. அதற்கப்புறம் லாரி லாரியாக வந்த அரிசி, பாய், பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, ஆண் துணை இல்லாத எங்கள் வீட்டுக்கும் சரிபங்கு வைத்துப் பிரித்தவரும் அவர்தான். 2011 கடைசியில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது கூரை போன வீடுகளுக்கெல்லாம் கீற்று போட்டது ஊர். ஒரு படகு திரும்பவில்லை என்றால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், எல்லாப் படகும் தேடப் போகும். அந்த ஒற்றுமை எங்கிருந்து வருகிறது என்றால், மீறினால் தள்ளிவைப்பார்கள் என்ற பயத்திலிருந்தும்தான் வருகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. ஊரே வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஊர் வேண்டும், அக்காவின் கையும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டதுதான் என் கலகம்.

தள்ளிவைத்த பிறகும் கடலுக்குப் போனேன், என் மச்சானைப் புதுச்சேரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு. ஒருநாள் தேவனாம்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில், மிதந்து வந்த வலைத்துண்டு சுற்றி எஞ்சின் விசிறி உடைந்துபோனது. நானே எஞ்சின் மெக்கானிக், ஆனால் மாற்று விசிறி கையில் இல்லை. நீரோட்டம் வடக்கே இழுத்தது, காற்றும் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் ஒரு போன் போதும். அன்றைக்கு யாருக்கு அடிப்பது? எங்கள் ஊர்ப் படகு ஒன்று வந்தது, எங்கள் தெருக்காரர், எனக்கு அண்ணன் முறை. எங்களைப் பார்த்தார். தாண்டிப் போனார். மச்சான் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். கொஞ்ச தூரம் போய்ப் படகு வளைந்து திரும்பி வந்தது. அண்ணன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கயிற்றை வீசினார். கரைக்குக் கிட்டே கொண்டுவந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துக் கேட்டேன். ‘பேசினாத்தானடா அபராதம். கயிறு போட்டா அபராதம்னு மைக்குல சொல்லலியே’ என்றார்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தள்ளிவைத்ததைப் பற்றிப் புகார் கொடுக்க முதலில் போன ஸ்டேஷனில் ‘இது உங்க ஊர் விவகாரம், பேசித் தீர்த்துக்குங்க’ என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஊர்விலக்கைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் கிடையாது. மகாராஷ்டிராவில் 2016-ல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகவே ஒரு சட்டம் போட்டு, 2017-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பம்பாய் மாகாணத்தில் 1949-ல் கொண்டுவந்த ஒரு சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1962-ல் செல்லாது என்று தள்ளிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தண்டனைக்குரிய குற்றம், ஆனால் அது அந்த மக்களுக்கு மற்றவர்கள் இழைக்கும் கொடுமைக்கு. நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, எங்களைத் தள்ளிவைத்தது எங்கள் ஆட்களே. அதனால் ‘எங்களை ஊரை விட்டு ஒதுக்கிவைத்துவிட்டார்கள்’ என்று மட்டும் எழுதிய மனு அப்படியே மனுக்கட்டுக்குள் முடங்கிவிடும். வழக்கறிஞர் ஒருவர் என் மனுவைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொன்னார். ஒரு லட்சம் கேட்டு மிரட்டியது ஒரு குற்றம், படகை இறக்கவிடாமல் வழிமறித்தது ஒரு குற்றம், புகாரைத் திரும்ப வாங்கு என்று பயமுறுத்தியது ஒரு குற்றம். ஒவ்வொன்றையும் நாள், இடம், ஆளோடு தனித்தனியாக எழுத வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்று இன்றைக்கும் எனக்கு வேத வாக்கு. ‘ஊர்மேல புகார் கொடுக்காதீங்க. செஞ்சவங்க பேர மட்டும் கொடுங்க.’ ஊர் என்று எழுதினால் ஊரே ஒன்றாகிவிடும், கைக்குழந்தைக்காரிகூட எதிரியாகிவிடுவாள். முன்னால் நின்று நடத்திய நாலைந்து பேரின் பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். நடந்ததும் அதுதான். அந்த நாலைந்து பேரில் பெரியப்பாவின் பெயரை எழுதும்போது கை ஓடவில்லை. அம்மாதான் ‘எழுது, அவர் செஞ்சத நாம மறக்கல, இதையும் மறக்க வேண்டாம்’ என்றாள். மனு கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வழி இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய் நின்று, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணை வைத்து முதல்வர் உதவி மைய எண் 1100-க்கு அடித்து எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 1987-ம் வருஷச் சட்டம் அது. நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போன் என்றால் 15100. அக்காவின் வழக்கு அப்படித்தான் நடக்கிறது, ஒரு பைசா செலவில்லை. என் பங்குக்கு நான் தனியாக வைத்த வழக்கறிஞருக்கு 15,000 ஆனது.

இதற்கிடையில் கையிருப்பு கரைந்துவிட்டது. கடலுக்குப் போனால் மீன் உண்டு, வாங்க ஆள் இல்லை. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. மீன்பிடித் தடைக்காலம் வேறு வந்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நிவாரணப் பணம் 8,000 ரூபாயை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. கடைசியில் மீன்வளத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டால், அது பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது, ஊர் நிறுத்தவே முடியாது என்றார்கள். முன்னாலேயே போய்க் கேட்டிருந்தால் அத்தனை ராத்திரித் தூக்கமும் மிச்சம். ஊர் எதை நிறுத்த முடியும், எதை முடியாது என்று ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். நிறுத்த முடியாததுதான் பட்டியலில் அதிகம் இருக்கும்.

அப்புறம் புதுச்சேரி. கேஸ் அடுப்பு, பாத்திரம், பிள்ளை, அம்மா, அக்கா எல்லாரையும் ஒரு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு முள்ளோடையைத் தாண்டினேன். எல்லை தாண்டினால் நிம்மதி என்கிற எண்ணம் எங்கள் பக்கத்தில் பழையது. 1908-ல் வெள்ளைக்காரர் கைக்குச் சிக்காமல் பாரதி போனது புதுச்சேரிக்கு, 1918-ல் அங்கிருந்து கிளம்பியவரைப் பிடித்துப் போட்டது கடலூர்ச் சிறையில். எங்களைப் பிடிக்க யாரும் வரவில்லை, வாடகைதான் பிடித்தது. அரியாங்குப்பத்தில் இரண்டு அறை, மாதம் 6,500, முன்பணம் 40,000. படகை அங்கே கொண்டுபோய்த் தொழில் செய்யலாம் என்று பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், அவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு எஞ்சின் பட்டறையில் தினக்கூலி 700-க்குச் சேர்ந்தேன். டிப்ளமா படித்தபோது ‘படிச்சு என்ன பண்ணப்போற, கடலுக்குத்தான வரப்போற’ என்று சிரித்தவர்கள் உண்டு. கரையை நம்பாத ஒரு கைத்தொழில் இருந்ததால் தப்பித்தேன். ஊரோடு மோதுகிறவனுக்கு ஆறு மாதச் சாப்பாட்டுக்குப் பணமாவது வேண்டும், இல்லை ஊருக்கு வெளியே விலைபோகும் வேலையாவது வேண்டும். இரண்டும் இல்லாதவனிடம் போய் ‘எதிர்த்து நில்லு’ என்று நான் சொல்லமாட்டேன்.

புதுச்சேரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்போது வந்தாய், எங்கே போகிறாய், பெண்டாட்டி ஏன் சுடிதார் போட்டிருக்கிறாள், ஒன்றும் கிடையாது. எனக்கு அது முதலில் இனித்தது, பிறகு கடித்தது. காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்க்க ஆள் இல்லை. மனைவிக்கு மட்டும் கடைசி வரை இனித்தது. நான் ஊர் ஊர் என்று புலம்பிய ஒரு ராத்திரி சொன்னாள், ‘அந்த ஊர்ல என்ன எப்ப சேத்திருந்தாங்க, இப்ப விலக்கி வைக்க?’ கூட்டத்தில் உட்காராதவள், ஓட்டுப் போடாதவள், தலைக்கட்டுக் கணக்கில் என் பெயருக்குப் பின்னால் இருப்பவள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

அந்தச் சமயம் ஒரு அமைப்பு எங்களைத் தேடி வந்தது. நல்ல பிள்ளைகள். மனு எழுத உதவினார்கள், அதிகாரிகளைப் பார்க்கக் கூட வந்தார்கள், என் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தார்கள். பிறகு ஒரு கண்டனக் கூட்டம் போட்டார்கள், நான் மேடையேற வேண்டும் என்றார்கள். போஸ்டரில் எங்கள் ஊரைக் காட்டுமிராண்டி ஊர் என்று போட்டிருந்தது. அதை எடுங்கள் என்றேன், ‘நீங்க இன்னும் ஊர்ப்பாசத்துல இருக்கீங்க தோழர்’ என்றார்கள். மேடைக்குக் கீழே ஒருவர் என் நெற்றியைப் பார்த்து, ‘அந்தத் திருநீற மட்டும் அழிச்சுட்டு ஏறுங்களேன்’ என்றார். அங்கே விழுந்து கும்பிடச் சொன்னார்கள், இங்கே அழிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அழிக்கவில்லை. இரண்டு நிமிஷம் பேசினேன், அக்காவைப் பற்றி மட்டும். டிவியிலிருந்தும் வந்தார்கள். அக்காவின் முகத்தை மறைப்பதாகச் சொல்லி மறைக்கவில்லை. செய்தி ஓடிய பிறகு, அதுவரை ராத்திரியில் ரகசியமாகப் போன் பேசிக்கொண்டிருந்த நாலு பேரும் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஊரின் பெயர் டிவியில் வந்தால் உங்களுக்கு அனுதாபம் உள்ளவனும் ஊர்க்காரன் ஆகிவிடுவான். உதவியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எங்கே நிற்பது, என்ன பேசுவது, யார் முகம் வெளியே தெரிவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நடுவில் சமாதானத் தூதும் வந்தது. அக்கா வழக்கைத் திரும்ப வாங்கினால் அபராதம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சபலம் தட்டியது. படகு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, கரையில் விட்ட வலையை எலி கடித்துக் கொண்டிருந்தது. அக்காவிடம் சுற்றி வளைத்துப் பேச்செடுத்தேன். கட்டுப் பிரித்த கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிராமலே, ‘நீ போகணும்னா போடா. என் கேஸ வித்துட்டுப் போகாத’ என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. வீட்டில் ஒருத்திக்காகச் சண்டை போடுகிறவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். பேரம் எப்போதும் அவள் பெயரில்தான் வரும், கையெழுத்து உங்களிடம் கேட்பார்கள்.

ஆட்சியர் அலுவலகத்து மனு சுற்றிச் சுற்றிக் கோட்டாட்சியர் மேசைக்கு வந்து, அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள், எல்லாரும் வெள்ளைச் சட்டை. ‘யாரையும் தள்ளிவைக்கலிங்க, அவங்களாத்தான் வீட்டப் பூட்டிட்டுப் போனாங்க’ என்றார் ஒருவர். மனைவி பதிவை ஓடவிட்டாள். அறிவிப்பு முழுவதும் ஓடியது, கடைசியில் பாமாயில் வரைக்கும். எழுத்தர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வேகமாக முடிந்தது. அபராதம் இல்லை, தொழிலுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் தடை செய்யக் கூடாது, அக்காவின் வழக்கு நீதிமன்றத்தில் அதன் வழியில் நடக்கும், இனி பேச்சு அதில் இல்லை என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டோம். முத்திரையோடு நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதைவிட முக்கியம், ஊர் தரும் வெள்ளைத் தாளில் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று கேட்டால் போடவே போடாதீர்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் பெரியப்பா தனியாகக் கூப்பிட்டார். ‘கோயிலுக்கு ஏதாவது செய்யிடா. வெறுங்கையோட நீ உள்ள வந்தா நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்?’ என்றார். 25,000 ரூபாய் கொடுத்தேன். ரொக்கமாக இல்லை, கோயில் கணக்கில் போட்டு, நன்கொடை என்று ரசீது வாங்கிக்கொண்டேன். அந்த அமைப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். வழக்கறிஞருக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடலில் நாளைக்கு எஞ்சின் நின்றால் கயிறு போட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. ஆட்கள் கொண்டுபோன முன்பணம், ஓடாத படகு, எலி கடித்த வலை, வக்கீல், கோயில் எல்லாம் சேர்த்தால் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது.

இப்போது ஏற்பாடு இப்படி. நான் ஊரில் தங்கித் தொழிலுக்குப் போகிறேன், மனைவியும் பிள்ளையும் அரியாங்குப்பத்தில். திரும்பி வர அவள் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வீடு. அக்கா புதுச்சேரியில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள், வழக்கு வாய்தாவில் இருக்கிறது. தலைக்கட்டு வரி கட்டுகிறேன், ரசீது கேட்டு வாங்குகிறேன். முதலில் முறைத்தார்கள். இப்போது இன்னும் சில பேர் கேட்கிறார்கள், அதனால் ஊர்ச் செலவில் ஒரு ரசீதுப் புத்தகம் அடித்திருக்கிறார்கள். கடை அண்ணாச்சி பால் பாக்கெட்டைக் கேட்காமலே எடுத்து வைக்கிறார், இரண்டு பேருமே அன்றைக்கு நடந்ததைப் பேசுவதில்லை.

போன வாரம் தெற்கே ஒரு ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெண்ணை வேறு சாதியில் கொடுத்ததற்காகத் தள்ளிவைத்திருக்கிறார்களாம், குரல் நடுங்கியது. அபராதம் கட்டிவிட்டீர்களா என்று கேட்டேன், இன்னும் இல்லை என்றார். படகுத் தாள் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘தலைவர் வீட்டுல’ என்றார். முதலில் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் நகலுக்கு எழுதிக்கொடுங்கள், மனுவெல்லாம் அப்புறம் என்றேன். என் மனுவின் படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், பெயர்களை மட்டும் அடித்துவிட்டு.